கைக்குத் தெரிந்த சூடு

குளியலறைக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாள் ஒரு விரல் நீளம்கூட இருக்காது. அதை வைத்துத்தான் அந்த வீட்டில் பத்து நாளாகப் பஞ்சாயத்து நடந்தது.

"ஷவர் கொதிக்கக் கொதிக்கக் கொட்டுது. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு நீங்க மயங்கி விழுந்தா நாங்க கதவை உடைக்கணுமாப்பா?" என்பது மகளின் கட்சி.

"நான் என்ன கைக்குழந்தையா?" என்பது அப்பாவின் கட்சி.

மாப்பிள்ளை இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்விடுவார். அவர் குளிப்பதே தனிக் கூத்து. ஷவர் கைப்பிடியை மயிரிழை நகர்த்துவார், பனிக்கட்டி. இன்னொரு மயிரிழை, நெருப்பு. கடைசியில் வாளியும் மக்கும்தான் கதி.

ஒருவழியாக உடன்பாடு ஏற்பட்டது. பிளம்பர் வந்து ஷவரைச் சரி செய்துவிட்டால் தாழ்ப்பாள் இருக்கும். முடியவில்லை என்றால், போகிற போக்கில் தாழ்ப்பாளையும் அவரே கழற்றிவிட்டுப் போவார். பெரியவர் சம்மதித்தார். அவருடைய கட்டில் கூடத்தில் இருந்தது. மாத்திரைகளை மகள் டப்பாவில் பிரித்து வைத்தாள். போன் எவ்வளவு சத்தமாக அடிக்க வேண்டும் என்பதை மாப்பிள்ளை முடிவு செய்தார். எழுபத்து நாலு வயதில் அவர் ராஜ்ஜியம் என்று மிச்சமிருந்தது காலையில் இருபது நிமிடம், தாழ்ப்பாளுக்கு உள்ளே. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை.

இதில் ஒரு விஷயம் அவருக்கு மட்டும் தெரியும். ஷவரைக் கெடுத்ததே அவர்தான்.

சாயத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் கொதிகலன் பார்த்தவர் அவர். குழாயில் புறங்கையை வைத்து இத்தனை டிகிரி என்று சொல்வார். போய்ப் பார்த்தால் முள்ளும் அதையே காட்டும். எட்டாவதைத் தாண்டாத மனிதருக்கு அங்கே டிகிரிக்காரர் என்றே பெயர். அப்பேர்ப்பட்ட கைக்கு இந்த வீட்டு ஷவர் ஒரு வருஷமாகவே ஆறிப்போன தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைப்பிடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. எடுத்துத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டார். தண்ணீர் இதமாக வந்தது.

அவர் யோசிக்க மறந்தது ஒன்றுதான். அந்த வீட்டில் எல்லாரும் கைப்பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை இடதுபக்கம் தள்ளுகிறவர்கள். இரண்டாம் நாள் மகளின் தோள்பட்டை சிவந்து தோல் உரிந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கேதான் அவள் தாழ்ப்பாள் பேச்சையும் எடுத்தாள். வளையத்தைச் சத்தமில்லாமல் திரும்ப மாட்டியிருக்கலாம். ஆறின தண்ணீரை நினைத்ததும் அதற்கும் மனசு வரவில்லை. மனிதர் கமுக்கமாக இருந்துவிட்டார்.

பிளம்பர் பத்து மணிக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஷவரை மாட்டியவரும் அவரேதான். முழங்கால் சொடுக்கு விட, ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து கைப்பிடியைப் பிரித்தார்.

"இங்க ஒரு வளையம் இருக்கணுமேம்மா. கைப்பிடி ரொம்ப சூட்டுப் பக்கம் போகாம அதுதான் தடுக்கும். என் கையால மாட்டினேன்."

"மாட்டினா எங்க போகும்? நடந்து போச்சா?" மகளுக்குத் தோள் இன்னும் எரிந்தது. "உங்களை நம்பிப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப நானே போய் வேண்டாம்னு சொல்லணும்."

பிளம்பரின் முகம் சுண்டிப்போனது. பதில் சொல்வதற்குள் கூடத்தில் போன் அடித்தது. மகள் போய்விட்டாள். கதவோரம் பெரியவர் மட்டும் நின்றிருந்தார்.

பிளம்பர் கைப்பிடி ஸ்க்ரூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தலை வழுக்கியிருந்தது. "வாய் சேராத ஸ்க்ரூடிரைவரைப் போட்டு யாரோ திருகியிருக்காங்க சார்," என்றார். யார் என்று கேட்கவில்லை. "உங்களுக்குத் தண்ணி எப்படி வருது?"

"எனக்கு இப்பதான் சரியா வருது."

"நீங்க குளிக்கிற அளவுக்கு வைங்க, பாப்போம்."

பெரியவர் வைத்தார். புறங்கையை நீட்டினார். தொழிற்சாலையில் நிற்பதுபோலவே நின்றார். "முப்பத்தெட்டு. மிஞ்சினா முப்பத்தொம்பது."

பிளம்பர் பையிலிருந்து வெப்பமானியை எடுத்துத் தண்ணீரில் பிடித்தார். நாற்பத்தொன்பது என்று காட்டியது.

"உங்க கருவி மக்கர் பண்ணுது."

பிளம்பர் தன் கையைத் தண்ணீரில் நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கருவி பொய் சொல்லலாம். அப்படி வெடுக்கென்று இழுத்த கை பொய் சொல்லாது. பெரியவரின் கை இன்னும் தண்ணீருக்கு அடியில்தான் இருந்தது, தோல் சிவந்து, சுகமாக. அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். போன வாரம் ஒரு கொப்புளம் வந்திருந்தது. புதுச் செருப்பு கடித்தது என்று செருப்பைத் திட்டித் தீர்த்திருந்தார். செருப்பு வார் படுகிற இடம் அது இல்லை. வெந்நீர் சுட்டதுகூட அவருக்கு உறைக்கவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. கொதிகலன் பக்கத்தில் நின்ற அத்தனை வருஷத்தில் அப்படிப் பயந்ததில்லை.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து, வளையத்தை நீட்டினார்.

பிளம்பர் வாங்கி மாட்டினார். கைப்பிடியைக் கடைசிவரை தள்ளிச் சோதித்தார். வெப்பமானி முப்பத்தொன்பதில் நின்றது. பெரியவர் கை வைத்துப் பார்த்தார். பச்சைத் தண்ணீராக இருந்தது.

"வளையம் தேஞ்சு உள்ள விழுந்து கெடந்துச்சுன்னு சொல்லிக்கிறேன் சார்," என்றார் பிளம்பர் தாழ்ந்த குரலில். "வயசானவங்களை மாட்டிவிட்டு எனக்கு என்ன ஆகப்போகுது?"

அவர் சொன்னால் மகள் நம்பிவிடுவாள். தாழ்ப்பாள் பிழைத்துவிடும். பிளம்பர் பெயர் மட்டும் கெடும். பெரியவர் இதையெல்லாம் கணக்காக யோசித்து முடிப்பதற்குள் மகள் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன, சரியாச்சா?"

"ஆச்சும்மா. அந்த வளையம் தேஞ்சு..."

"தேயல," என்றார் பெரியவர். "நான்தான் கழட்டினேன். அவர் வேலைல ஒரு குத்தமும் இல்ல. பக்கத்து வீட்டுல வேண்டாம்னு சொல்லிடாத."

மகள் கத்தப்போகிறாள் என்று நினைத்தார். அவள் அவருடைய சிவந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சூடு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெரியவர் பிளம்பர் பக்கம் திரும்பினார். "அந்தத் தாழ்ப்பாளையும் கழட்டிடுங்க."

"ஷவர்தான் சரியாயிடுச்சேப்பா," என்றாள் மகள். "அதுதானே பேச்சு. தாழ்ப்பாள் இருக்கட்டும்."

"ஷவர் மட்டும்தாம்மா சரியாச்சு," என்றார் அவர், தன் கையைப் பார்த்தபடி.

பிளம்பர் சின்ன ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்தார். மொத்தம் நாலு ஸ்க்ரூ. ஒவ்வொன்றாகக் கழன்று வர, பெரியவர் கையை நீட்டி வாங்கி, கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினார்.