ஏப்ரல் மாதத்துக் கையெழுத்து

பியோ மன்சோக் கொரிய அரசாங்கத்திடம் உதவி கேட்டு ஐந்து முறை மனுப் போட்டார். ஐந்து முறையும் இல்லை என்றார்கள். ஆறாவது முறையும் இல்லை என்பார்கள் என்ற தெம்பில்தான் அடுத்த ஏப்ரலுக்காகக் காத்திருந்தார்.

மனிதர் தெளிவாகத்தான் இருந்தார். மனுப் போடுகிறவருக்குச் சம்பாதிக்கிற பிள்ளை இருந்தால், சோறு போட வேண்டியது அந்தப் பிள்ளைதான், அரசு இல்லை என்பது விதி. பிள்ளை எங்கே இருக்கிறது, அப்பனோடு பேசுகிறதா என்பதெல்லாம் விதிக்கு வேண்டாத கதை. மனு வந்ததும் வட்டார அலுவலகம் பிள்ளைக்கு ஒரு கடிதம் அனுப்பும்: உங்கள் வருமானத்தைப் பார்க்கச் சம்மதமா? பிள்ளை கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். வருமானம் நன்றாக இருக்கும். மனு தள்ளுபடி.

அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவர் மனுப் போட்டார்.

மகள் பெயர் யோன்ஜு. அம்மாவின் இறுதிச் சடங்குக்கு அப்பா குடித்துவிட்டு வந்தார். மலர் வளையங்களுக்கு நடுவே விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே மைத்துனனைத் திட்டினார். "இனிமே என் மூஞ்சிலயே முழிக்காதீங்க" என்றாள் மகள். அவரும் முழிக்கவில்லை. குடியை விட்ட பிறகு அதைச் சொல்லலாம் என்று கைபேசியில் கூப்பிட்டார். அதற்குள் அந்த எண் பூசானில் ஒரு மீன் கடைக்காரருக்குப் போய்விட்டிருந்தது. மீன் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வாழ்த்துச் சொன்னார்.

முதல் வருடம் மகளின் ஒப்புதல் படிவம் அலுவலக மேசையில் தற்செயலாகத் திறந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்த பார்வையை எழுத்தர் செரின் பார்த்துவிட்டாள். அடுத்த வருடத்திலிருந்து அவள் மனுக் கோப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவாள். ஒரு குவளைத் தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் அவருக்கு ஒரு மகள் இருந்தாள்.

பொதுக் குளியல் நிலையத்தில் முப்பது வருடம் ஆட்களின் முதுகு தேய்த்தவர் பியோ. முதுகைப் பார்த்தே ஆளின் தொழிலைச் சொல்வார். அதே கண்ணால் கையெழுத்தையும் படித்தார். முதல் வருடம் பெயரின் மூன்று எழுத்தும் தாளைக் கிழிக்கிற அழுத்தம், கோபம் ஆறவில்லை. மூன்றாம் வருடம் வேகக் கிறுக்கல், பதவி உயர்ந்திருக்கிறது. நான்காம் வருடம் ஓரத்தில் பச்சை மெழுகுப் பென்சிலால் ஒரு கோணல் கோடு. அந்தக் கோட்டை இழுத்தது யோன்ஜுவின் கை இல்லை. நேர்க்கோடு இழுக்க இன்னும் வயசாகாத கை. அன்று வீடு திரும்பும் வழியில் தெருவில் போன ஒவ்வொரு குழந்தையின் உயரத்தையும் அளந்துகொண்டே வந்தார்.

இந்த நேரத்தில்தான் தோ மிஹ்வா வந்து சேர்ந்தாள். 'பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் நடைமுறைக் கண்காணிப்பு மக்கள் கூட்டமைப்பு'. பெயரில் எட்டுச் சொல், ஆட்கள் நான்கு பேர். அரசு கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையை அரசு மதிக்கிறதா என்று பார்த்து, அரசின் அறிக்கைக்குப் பக்கத்திலேயே தங்கள் அறிக்கையையும் ஜெனீவாவில் உள்ள ஐ.நா. குழுவுக்கு அனுப்புவது அவர்கள் வேலை.

"அஞ்சு தடவை தள்ளுபடியா?" மிஹ்வாவின் முகம் மலர்ந்துவிட்டது, உடனே அதைச் சுருக்கிக்கொண்டாள். "ரொம்ப வருத்தமா இருக்கு ஐயா. எங்க நிழல் அறிக்கைக்கு இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்."

"நிழல் அறிக்கையா?" பக்கத்து அறை ஓக் கதவிடுக்கில் தலையை நீட்டினார். சியோல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த அந்தக் கட்டடத்தில் யாரும் தனியாகப் பேசிக்கொள்ள முடியாது, சுவர்கள் அட்டை. "சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கம்மா. இங்க ஒருத்தனுக்கும் ஜன்னல் கிடையாது."

ஓக்குக்குச் சர்க்கரை நோய். மருமகனுக்கு நிலையான வேலை என்று அவர் மனுவும் தள்ளுபடி. அந்த மருமகனை அவர் கல்யாணப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

மிஹ்வா விளக்கினாள். இந்த விதியையே எடுக்கச் சொல்கிறோம். அமைச்சகத்தோடு பொதுக் கலந்துரையாடல் இருக்கிறது. ஐயா வந்து பேச வேண்டும்.

"விதி போயிட்டா?" என்றார் பியோ.

"உங்க தேவையை மட்டும் பாப்பாங்க. உங்க பொண்ணுக்குக் கடிதமே போகாது ஐயா. அவங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க." இதைவிட நல்ல செய்தி உலகத்தில் கிடையாது என்ற முகத்தோடு சொன்னாள்.

பியோ எழுந்து போய்க் காபி கலக்கினார். இருந்தது மூன்று பேர், ஐந்து கோப்பை கலந்து வைத்தார்.

"அண்ணே, நீ போகலேன்னா பரவால்ல" என்றார் ஓக், மிஹ்வா போன பிறகு. பியோ எதற்காக மனுப் போடுகிறார் என்பது அவருக்குத் தெரியும். அட்டைச் சுவர். "எனக்காகன்னு போய்த் தொலைக்காத. நான் இன்னும் ரெண்டு வருஷம் இழுப்பேன்."

"நீ இழுக்கிறது எனக்குச் சுவர் வழியாத்தான் கேக்குதே."

கலந்துரையாடல் நடந்த அரங்கில் பதாகை மேடையைவிட நீளம். கடைசிச் சொல் திரைக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. ஏழைகளின் குரல் கேட்கப்படுவதில்லை என்று ஒரு பேராசிரியர் நாற்பது நிமிடம் பேசினார். அதனால் ஏழைகளுக்கு ஆளுக்கு மூன்று நிமிடமே மிஞ்சியது. வந்தவர்களுக்கெல்லாம் நிகழ்ச்சியின் பெயர் அச்சடித்த கைத்துண்டு ஒன்று கொடுத்தார்கள். பியோ அதை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார்.

"தண்ணி குடிக்காது" என்று ஓக்கின் காதில் சொன்னார். "முதுகை வழிச்சுத்தான் விடும்."

அமைச்சகத்தின் துணை இயக்குநர் எழுந்தார். அரசு தன்னிடமுள்ள வளங்களின் உச்ச அளவைப் பயன்படுத்தி, உரிமைகளைப் படிப்படியாக நிறைவேற்றி வருகிறது என்றார். இதை மூன்று விதமாகச் சொன்னார். பிறகு பியோவின் மனுக் கோப்பை எடுத்தார்.

"மகள் நல்ல வேலையில இருக்காங்க. மனு தள்ளுபடியாகும்னு உங்களுக்கு மொதல் வருஷமே தெரிஞ்சு போச்சு. அப்புறமும் நாலு தடவை போட்டிருக்கீங்க. ஏன்னு சொல்ல முடியுமா?"

கேள்வி மரியாதையாகத்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் அந்த ஆள் என்ன செய்வார் என்று பியோவுக்குத் தெரியும். பாருங்கள், இவர் வறுமைக்கு மனுப் போடவில்லை, எங்களைத் தபால்காரனாக வைத்திருக்கிறார் என்பார். அரங்கம் சிரிக்கும். விதி நிற்கும். கடிதமும் போகும், வருடா வருடம், ஏப்ரலில். ஒரே ஒரு வாக்கியம் போதும். அது உண்மையான வாக்கியமும்கூட.

ஓக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே பார்த்த மாதிரி இருந்தது. அவர் காலில் செருப்புக்குள் கட்டுத் துணி. அந்தக் காலில் ஒரு விரல் குறைவு.

"பசிச்சுது சார்" என்றார் பியோ.

எதற்குப் பசி என்று துணை இயக்குநர் கேட்கவில்லை. பேராசிரியர் மட்டும் அதைக் குறித்துக்கொண்டார்; பிற்பாடு அது அவருடைய கட்டுரை ஒன்றின் தலைப்பானது.

அடுத்த வருடத் தொடக்கத்தில் விதியை எடுத்தார்கள். மிஹ்வாவின் கூட்டமைப்பு நான்கு பேராக நின்று படம் எடுத்துக்கொண்டது. ஓக் பன்றி வயிற்றுக் கறி வாங்கி வந்து அறைகளுக்கு நடுவே இருந்த நடையில் சுட்டார், கட்டடமே இருமிற்று. பியோவின் மனு மூன்று வாரத்தில் ஏற்கப்பட்டது. வாழ்த்துகள் என்று கைபேசிக்குச் செய்தி வந்தது.

ஏப்ரல் வந்தது. செர்ரிப் பூ பார்க்க வந்த கூட்டம் ரயில் நிலையத்தில் வழிந்தது. பியோ காரணமில்லாமல் வட்டார அலுவலகம் வரை நடந்து போய், இரண்டு முறை வரிசை எண் சீட்டுக் கிழித்து, எண் வந்தபோது எழுந்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். இரண்டாவது முறை செரின் அவரைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த குவளையைக் கீழே வைத்தாள்.

முதுகு தேய்த்துத் தேய்ந்த வலது தோள் ஜூனில் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. சட்டை போடுவதற்கே ஓக்கின் துணை வேண்டியிருந்தது. அறுவை செய்யச் சொன்னார் மருத்துவர். அதற்கு மருத்துவ உதவி அட்டை வேண்டும். அது வேறு மனு. புதிய விதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கண்காணிக்க வேண்டிய மிஹ்வாவும் கேள்விப் பட்டியலோடு வட்டார அலுவலகத்துக்குக் கூடவே வந்தாள்.

"இதுல மட்டும் பழைய விதி அப்படியே இருக்கு ஐயா." மிஹ்வா பட்டியலில் ஒரு கேள்வியை அடித்தாள். "மருத்துவத்துக்கு இன்னும் பிள்ளைங்களைக் கேக்குறாங்க. பாதி வேலையைப் பண்ணிட்டு முழுக் கைதட்டு வாங்கிட்டாங்க."

"பிள்ளையைக் கேக்குறாங்களா?" என்றார் பியோ. "கடிதம் போட்டா?"

"கடிதம் போட்டுத்தான்."

அவர் நாற்காலியை இழுத்து மேசைக்குக் கிட்டே போட்டுக்கொண்டார்.

செரின் படிவத்தை வைத்தாள். "ஐயா, ஒரு வழி இருக்கு. உறவு முறிஞ்சிருச்சுன்னு இந்தக் கட்டத்துல டிக் போட்டு, எப்படி முறிஞ்சதுன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தா, பொண்ணைக் கேக்க மாட்டாங்க. அட்டை வந்துரும்."

"நான் எழுதித் தர்றேன்" என்றாள் மிஹ்வா. "இதுவரைக்கும் நாப்பது பேருக்கு எழுதியிருக்கேன். ஒண்ணுகூடத் திரும்பி வரல."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா கடிதம் போகும். அவங்க வருமானத்தைப் பாப்பாங்க." செரின் பேனாவை அவர் முன்னால் வைத்தாள்.

பியோ பேனாவை இடக் கையில் எடுத்தார். உறவு முறிந்தது, தொடர்பில் உள்ளது. கட்டம் இரண்டு. வலது தோள் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது கட்டத்தில் கோணலாக ஒரு டிக் போட்டார். அதற்குக் கீழே, கடைசியாகத் தொடர்பு கொண்ட நாள் என்று ஒரு கோடு. போன வருடம் ஏப்ரல் பதினேழு என்று எழுதினார்.

"ஐயா, அன்னிக்கு அவங்களைப் பாத்தீங்களா?" என்றாள் மிஹ்வா.

"பாத்தேன்."

மிஹ்வா செரினைப் பார்த்தாள். செரின் முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் கைக்கு எதிரேயே இருந்தது.

"தோள் என்ன ஆகுறது? இது தள்ளுபடியாகும்னு தெரிஞ்சும்..." மிஹ்வா பேனாவை மூடிப் பட்டியலின் மேல் வைத்தாள். "மூணு வருஷத்துல இந்த விதியையும் எடுத்துருவோம் ஐயா. நிச்சயமா."

"எடுக்கணும்மா. ஓக்குக்கு வேணும்." பியோ தோளைத் தடவிக்கொண்டார். "எடுங்க."

செரின் ஒப்புதல் படிவத்தை மடித்து உறையில் போட்டாள். உறையில் முகவரி ஒட்டியிருந்த பக்கத்தை விதிப்படி கவிழ்த்து வைத்தாள். பசைக் குச்சியைத் திறந்தாள்.

"நான் ஒட்டட்டுமா?" என்றார் பியோ.

அவள் சுற்றும் பார்த்துவிட்டு உறையையும் பசையையும் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் மடிப்பின் ஓரம் முழுக்கப் பசை தடவி மூடினார். பிறகு கட்டை விரலை மேலிருந்து கீழாக, ஒரே சீராக, ஒரு சுருக்கமும் விழாமல், நிதானமாக இழுத்தார். பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். பியோ இன்னொரு முறை இழுத்தார்.