பிரித்தே வைக்கவும்

மென்பொருளை மூன்றாம் முறை ஓட்டிப் பார்த்தபோதும் அதே வரிகள்தான் சிவப்பாக வந்தன. காகித ஆலையின் மின்பிரிவுப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்களை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். சிவப்பு பச்சையாகிவிடாதா என்றுதான் அவளும் ஒருவாரமாகப் பார்க்கிறாள்.

அந்த மென்பொருள் செய்வது ஒரே காரியம். ஆலையில் எங்காவது ஷார்ட் சர்க்யூட் ஆனால் எவ்வளவு மின்சாரம் பாயும் என்று கணக்கிடும். அதை அறுத்து நிறுத்த அங்கிருக்கும் பிரேக்கருக்குத் தெம்பு உண்டா என்று ஒப்பிடும். ஆலையின் பழைய பிரேக்கர்கள் இருபத்தைந்தாயிரம் ஆம்பியர் வரைதான் அறுக்கும். போன வருடம் புது இயந்திரத்துக்காக இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் பழையதோடு இணைத்துவிட்டார்கள். இப்போது முப்பத்தோராயிரம் பாயும். அறுக்க முடியாத பிரேக்கர் சும்மா இருக்காது, வெடிக்கும்.

ஸ்விட்ச் ரூமில் அந்தப் பிரேக்கர்கள் பொருத்திய பேனல்களுக்கு எதிரே ஷிப்டு ஷிப்டாக நிற்பவர்களில் அவள் கணவரும் ஒருவர்.

மேலாளருக்கு ஆலையில் ‘அப்புறம்’ என்று பெயர். "புது பிரேக்கர் வாங்கிடலாம்மா, அப்புறம்" என்றார். "அதுவரைக்கும் என்ன செய்யலாம்னு எழுதிக் குடுங்க."

செய்யக்கூடியது ஒன்றுதான். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களையும் சேர்க்கும் கப்ளரைப் பிரித்து வைத்தால், ஒவ்வொன்றும் பாதி ஆலைக்குத் தனியாக மின்சாரம் தரும், பாயக்கூடியதும் பாதியாகிவிடும். ஆனால் ஒன்று நின்றால் மற்றது தானாகத் தாங்காது. ஆள்தான் மாற்றிவிட வேண்டும். ஸ்விட்ச் ரூமை விட்டு யாரும் நகர முடியாது.

மாலை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கணவரிடம் சொன்னாள். அவர் பனியனை மடிப்பதை நிறுத்தினார்.

"அப்போ எங்க வார லீவு?"

"கொஞ்ச நாளைக்குத்தாங்க."

"‘அப்புறம்’ சொல்ற கொஞ்ச நாளா?" சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "ஏன், கணக்குல அந்த கேபிள் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டா மின்சாரம் குறைவாக் காட்டும்னு நீதானே சொன்ன? போட்டுடேன். ஒரு வருஷமா வெடிக்காதது இப்பவா வெடிக்கப்போகுது?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க. அதுவும் உங்க உயிருக்கு எதிரா."

"என் உயிர் தூக்கமில்லாமலே போயிடும் போல."

அவள் மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கினாள். மறுநாள் காலை எழுதிக் கொடுத்தாள்: புது பிரேக்கர் வரும்வரை கப்ளரைப் பிரித்தே வைக்கவும்.

அதன்பிறகு பட்ட காலிலேயே பட்டது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் லேசாகச் சூடு காட்டி நின்றாலும் பாதி ஆலை நின்றது, ஓடிக்கொண்டிருந்த காகிதம் அறுந்து குப்பையானது. ஆலையில் அவளுக்குச் ‘சிவப்பம்மா’ என்று பெயர் விழுந்தது. "உனக்கு வெளியாள் யாரும் சூனியம் வைக்க வேணாம்பா, வீட்டுலயே ஆள் இருக்கு" என்று கூட்டாளிகள் அவரைக் கிண்டலடித்தார்கள். லீவும் போயிற்று. தங்கை வீட்டு விசேஷத்துக்கு அவள் தனியாகப் போய், யார் கேட்டாலும் "ஷிப்டு" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் பேச்சு, உப்பு இருக்கிறதா, சாவி எங்கே என்ற அளவுக்குச் சுருங்கியது.

மழைக்காலத்தில் ஒரு முற்பகல், கட்டடத்துக்கு வெளியே கேபிள் இணைப்பு ஒன்றில் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனது. தடாலென்ற சத்தம் அலுவலகம்வரை கேட்டது. அவள் நனைந்துகொண்டே ஓடினாள். ஸ்விட்ச் ரூம் வாசலில் கணவர் நின்றிருந்தார், முழுசாக. பிரேக்கர் ஒழுங்காக அறுத்துவிட்டிருந்தது. வெளியே இணைப்புப் பெட்டி மட்டும் கரிந்து புகைந்தது.

"பாதி ஆலை போச்சு. எல்லாம் இந்தச் சிவப்பம்மா வேலை" என்று பின்னால் யாரோ சலித்துக்கொண்டார். நடக்காமல் போனதற்கு யார் நன்றி சொல்வார்கள்!

தன் இடத்துக்குத் திரும்பியதும் மென்பொருளைத் திறந்தாள். அதே இணைப்பில், கப்ளரைச் சேர்த்து வைத்திருந்தால் என்று ஓட்டிப் பார்த்தாள். இருபத்தொன்பதாயிரம். சிவப்பு. வெடித்திருக்கக்கூடியது அவர் நின்ற பேனல்தான். வெகுநேரம் அதையே பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடினாள்.

வீட்டில் தண்ணீர் டம்ளரை அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார்.

"ரெண்டடி தூரத்துல நின்னேன்" என்றார். "பழைய மாதிரியே சேர்த்து வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அவருக்காக ஓர் எண்ணைக்கூட மாற்ற மறுத்தவள் அவள்.

"ஒண்ணும் ஆயிருக்காது. வெளியேதானே போச்சு, பிரேக்கர் தாங்கியிருக்கும்" என்றாள். "தட்டு போடட்டுமா?"

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, தலையாட்டினார். பிறகு எழுந்து, தட்டுகளைத் தாமே எடுத்துவந்து போட்டார்.