ஆறாவது துணி

ஜெட் ஸ்கியை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்ததும், கூரை ஒழுகி அதில் தேங்கியிருந்த மழைநீர் அக்காவின் செருப்பில் கொட்டியது. தம்பி சிரிக்கவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன்பு என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

மீட்பு நிலையத்தின் ஷெட்டில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். அவள் நிலையத்தின் மெக்கானிக். அவன் மீட்பு வீரன். அன்று அலையில் சிக்கிய தம்பதியில் மனைவியை இந்த ஜெட் ஸ்கியில் கரை சேர்த்துவிட்டு, கணவனுக்காகத் திரும்பிப் போனான். பாதி வழியில் வண்டி மெதுவாகிவிட்டது. கணவன் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார்.

புகை போகும் எக்ஸாஸ்ட் சூடேறி அலாரம் அடித்தது, என்ஜின் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது என்று அவன் சொன்னான். கரையில் நின்றவர்களுக்கு அலாரம் கேட்கவில்லை. பெரிய அலை ஒன்று எழுந்ததையும் வண்டி தயங்கியதையும்தான் அவர்கள் பார்த்தார்கள். மறுநாளே அவனுக்கு 'ஆமை' என்று பெயர் விழுந்தது.

ஐந்தாம் நாள் அந்த மனைவி ஷெட்டுக்கு வந்தாள். அழவில்லை. தார்ப்பாயைப் பார்த்தபடி, "வண்டி ஏங்க நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"பாத்துட்டுச் சொல்றேன்மா," என்றாள் அக்கா.

இன்று காலை கேப்டன் ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

"நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க. அதுக்குள்ள வண்டியைப் பாத்து எழுதிக் குடும்மா. குறை இருந்தா உன் தம்பி பொழச்சான். இல்லேன்னா சீருடையைக் கழட்ட வேண்டியதுதான்."

"குறை இருக்கும் சார்."

"இருந்தா சரி. இல்லாததை உண்டாக்கிடாதே."

அவள் டார்ச்சுடன் தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். கடல்நீரை உள்ளே இழுக்கும் இடத்தில் ஒரு கம்பித்தட்டு உண்டு. பாசி, பிளாஸ்டிக் பை, கயிறு எல்லாம் வந்து சிக்குவது அங்கேதான். தட்டு சுத்தமாக இருந்தது. ஒரு பை கிடைத்திருந்தால் கடல் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம்.

அடுத்து, சூட்டை அளக்கும் சென்சார். கழற்றி வெந்நீர்க் குவளையில் போட்டு மீட்டரை இணைத்தாள். எண் ஏற வேண்டியபடி ஏறியது. நீர் ஆற ஆற இறங்கியது.

"சென்சார் பொய் சொல்லல," என்றாள்.

"நானும் சொல்லல."

"உன்னை யாருடா கேட்டா?"

"எல்லாரும்தான்."

அவள் சென்சாரைத் துடைத்து மாட்டினாள். குழாய்த்தண்ணீரின் ஹோஸை வண்டியின் பின்பக்கம் பொருத்தினாள். கரையில் வைத்து ஓட்டிப் பார்க்க ஒரு வரிசை உண்டு. முதலில் என்ஜின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு என்ஜின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் என்ஜினுக்குள் போய்விடும். அதனால்தான் குழாயடியில் எப்போதும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஆறு வருடமாக அவன்தான். அவள் "தண்ணி!" என்று கத்துவாள். அவன் "வந்தாச்சு மகாராணி" என்பான். அவள் என்ஜினை ஓட விட்டாள்.

"தண்ணி!"

குழாயை மட்டும் திறந்தான்.

வண்டியின் பக்கவாட்டில் ஒரு துவாரம். குளிர்வித்து முடித்த தண்ணீர் அதன் வழியாக வெளியே பீச்ச வேண்டும், விரல் கனத்துக்கு. நூல் கனத்துக்கு வந்தது. எக்ஸாஸ்ட் குழாயைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"மூடு!"

அவன் மூடினான். அவள் என்ஜினை நிறுத்தினாள்.

"அடைச்சிருக்குடா! தண்ணியே போகல. நீ சொன்னது அத்தனையும் நெசம்."

அவன் சுவரில் சாய்ந்தான். முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டான்.

"ஆமையாம் ஆமை," என்றாள். "நாளைக்கு அவனுங்க மூஞ்சியைப் பாக்கணும்."

கிளாம்புகளைத் தளர்த்தி ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதினாள். முதல் இரண்டிலும் காற்று தடையில்லாமல் போனது. எக்ஸாஸ்டுக்குப் போகும் மூன்றாவதில் நின்றது. முழங்கைபோல் வளைந்த இடம். கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி உள்ளே விட்டுத் திருகினாள். ஏதோ சிக்கியது. இழுத்தாள்.

ஈரத்தில் உப்பி, ஒரு கட்டைவிரல் அளவு. பச்சைக் கட்டம் போட்ட துணி.

வண்டியைப் பிரிக்கும்போது, திறந்த குழாய் வாய்களில் மணல் விழாமலிருக்க அவள் துணி திணிப்பாள். மற்றவர்களும் திணிப்பார்கள். அவளுக்கு மட்டும் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒவ்வொரு துணியிலும் ஒரு சாண் வால் வெளியே தொங்க வேண்டும். பூட்டும்போது எடுத்த துணிகளைத் தட்டில் வைத்து எண்ண வேண்டும்.

விபத்துக்கு முந்தின வாரம் இந்த வண்டியை சர்வீஸ் செய்தது அவள்தான். துணிக்காகக் கிழித்துவந்த பழைய சட்டை தீர்ந்துகொண்டிருந்தது. கடைசித் துண்டுகளைக் குட்டையாக வெட்டினாள். வால் விட நீளம் போதவில்லை. ஆறு வாய், ஆறு துணி. முடிவில் எண்ணியதும் ஞாபகம் இருந்தது. தட்டில் ஆறு இருந்தது. அதில் ஒன்று, முந்தின நாள் பழுது பார்த்த படகின் துணி; அதே தட்டில் கிடந்திருக்கிறது.

சர்வீஸ் முடித்ததும் துறைக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். அந்த வேகத்துக்குத் துணியைச் சுற்றிக் கசிந்த தண்ணீரே போதும். முழு வேகத்தில் போதாது.

அவள் துணியைத் தட்டில் வைத்தாள். தம்பி அருகே வந்து குனிந்தான்.

"இது என் சட்டைல்ல?"

"ம்."

கூரைத் தகரத்தில் ஒரு காகம் நடந்தது.

"தூக்கிப் போடுக்கா," என்றான். "பாசி அடைச்சிருந்துச்சுன்னு எழுது. எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது. யாருக்கும் நஷ்டமில்ல."

"அந்தம்மா கேட்டாங்க."

"பாசின்னு சொல்லு."

"வாழ்நாள் பூரா கடலைத் திட்டிட்டு இருப்பாங்க."

"திட்டட்டுமே. அதுக்கென்ன, காதா இருக்கு?"

அவள் ஹோஸைத் திரும்ப மாட்டி கிளாம்பை இறுக்கினாள். ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கியது. என்ஜினை ஓட விட்டாள்.

"தண்ணி."

பக்கத் துவாரத்திலிருந்து விரல் கனத்துக்கு நீர் பீச்சியடித்து எதிர்ச் சுவரை நனைத்தது. எக்ஸாஸ்ட் குழாயில் உள்ளங்கையை வைத்தாள். இளஞ்சூடு. எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அவள் சொல்வதற்காக அவன் குழாயைப் பிடித்தபடி காத்திருந்தான்.

"மூடு," என்றாள் கடைசியில்.

பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். 'குறைக்குக் காரணம்' என்ற கட்டத்தில் எழுதத் தொடங்கினாள். குளிர்நீர்க் குழாயில் துணி. பராமரிப்பின்போது மெக்கானிக் எடுக்கத் தவறியது. மெக்கானிக் நான்.

அவன் அவள் தோளுக்கு மேலாகப் படித்தான்.

"வேலை போயிடும்க்கா."

"போகும்."

"கேஸும் போடுவாங்க."

"போடட்டும். உன்னை இனிமே ஆமைன்னு எவனும் சொல்ல மாட்டான்."

அவன் நகர்ந்து வண்டியின் இருக்கையில் கை வைத்தான்.

"அந்த அலையைப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிடுச்சு. அப்பதான் அலாரம் அடிச்சுது. அப்பாடான்னு இருந்துச்சுக்கா. ஒரே ஒரு நொடிதான். ஆனா இருந்துச்சு."

அவள் பேனாவை நிறுத்தினாள்.

"அதையும் எழுது," என்றான்.

அவள் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். வண்டி எண், என்ஜின் எண், ஓடிய மணிநேரம், தேதி, கையெழுத்து.

"இதுல அதுக்குக் கட்டம் இல்லடா," என்றாள்.

அவன் தலையசைத்தான். பிறகு போய், தரையில் கிடந்த ஹோஸைச் சுருட்ட ஆரம்பித்தான்.