சரோஜம் வீட்டுப் பலாச் சருகு

வேலாயுதனுக்குத் தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை. கரமனையில் அவர் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில் இருபத்திரண்டு தொட்டிகள்: மிளகாய், கத்தரி, கறிவேப்பிலை, இரண்டு மல்லிகை. மார்ச் பிறந்ததும் காலையில் ஊற்றிய தண்ணீர் பதினோரு மணிக்குள் காணாமல் போனது. மதியம் மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. மண்ணுக்கு மேல் எதையாவது போர்த்தி வைத்தால் ஈரம் தங்கும் என்று எங்கோ படித்தார். படித்த அன்றே நிபுணராகவும் ஆகிவிட்டார்.

"மரத்தூள் ஆகாது. மருந்தடிச்ச மரம்னா விஷம். பச்சைத் தூளுன்னா மண்ணுல உள்ள சத்த அதுவே இழுத்துரும். கடலைத் தோடு போட்டா எலி வரும்" என்று மனைவி ஜெயபாயிடம் விளக்கினார்.

"செடிக்கு இவ்வளவு பாக்கிய. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு கேள்வி கேக்கல்லியே" என்றாள் ஜெயபாய்.

லாட்ஜில் வழக்கமாகத் தங்கும் இடுக்கிக்காரர் ஒருவர் சாக்லேட் செய்யும் தொழில் நடத்திவந்தார். வேலாயுதனின் கவலையைக் கேட்டவர், அடுத்த முறை வரும்போது வறுத்த கொக்கோ விதையின் மெல்லிய தோலை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். வேலாயுதன் அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்தார். மறுநாள் காலை எல்லாத் தொட்டியிலும் பரப்பி முடித்ததும் மாடி முழுக்க சாக்லேட் மணம்.

"இனி விருந்தாளி வந்தா ஆளுக்கொரு ஸ்பூனக் குடுத்து மேல அனுப்பிருவோம்" என்றாள் ஜெயபாய்.

அந்த நேரம் பார்த்து இரண்டு மாடிக்கும் நடுவில் இருந்த இடுப்புயரச் சுவரைத் தாண்டிக் குட்டன் குதித்தது. அடுத்த வீட்டுச் சரோஜத்தின் நாய். நேராக மிளகாய்த் தொட்டிக்குப் போய் மூக்கைப் புதைத்தது.

"சாரே! அது எந்து சாதனம்?" ஈரத்துணியும் கையுமாகச் சரோஜம் அந்தப் பக்கத்திலிருந்து தமிழும் மலையாளமுமாகக் கத்தினாள்.

"கொக்கோத் தோலு. ஆர்கானிக்."

"ஆர்கானிக்கோ! நாய்க்கு சாக்லேட் கொடுக்கக் கூடாதுன்னு அறியாதா? தோலும் அதே விஷம்தான். குட்டா, துப்புடா!"

இரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவள் வீட்டுப் பலா மரத்தின் சருகு தன் மாடியில் விழுகிறது என்று வேலாயுதன் குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்ததிலிருந்து பேச்சு நின்றிருந்தது. பழி தீர்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் குட்டன் எதையோ மெல்லுவதைப் பார்த்ததும் காலிச் சாக்கைக் கீழே போட்டார். பிடிக்கப் போனார். விளையாட்டு என்று எண்ணிக் குட்டன் தொட்டிகளைச் சுற்றி ஓடியது. ஜெயபாய் கீழே ஓடிப் பொரித்த நெத்திலியோடு திரும்ப மாடியேறி வந்த பிறகுதான் வாயில் இருந்ததைத் துப்பியது.

மிருக வைத்தியருக்கு வேலாயுதனே போன் செய்தார். கொஞ்சம்தான் தின்றிருக்கும், ஆனாலும் நாள் முழுக்கக் கவனியுங்கள், வாந்தியோ நடுக்கமோ கண்டால் உடனே கொண்டுவாருங்கள் என்றார் அவர்.

அன்று லாட்ஜுக்கு லீவு சொல்லிவிட்டார். தொட்டிகளிலிருந்து தோலை ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கிக் கட்டினார். நடுநடுவே சுவரோரம் போய், "குட்டன் எப்படி?" என்று கேட்டார். குட்டன் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஏழாவது தடவை கேட்டபோது சரோஜத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பது வருஷம் நர்ஸா இருந்தேன் சாரே. இதுபோல வந்து விசாரிச்ச சொந்தக்காரன ஒரு வார்டிலயும் கண்டதில்ல." பிறகு தொட்டிகளைப் பார்த்தாள். "மண்ணு மேல போட எங்க பிலாச் சருகு போதுமே. ஐயோ, அது அசோசியேஷன் தடுத்த சாதனமல்லே?"

வேலாயுதன் தொண்டையைச் செருமினார். "ரெண்டு சாக்கு கிடைக்குமா?"

"எழுதித் தரணும். போன தடவ எழுதினீங்கல்லே, அதுபோல."

வேடிக்கை என்றுதான் நினைத்தார். ஆனால் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெயபாய் தாளும் பேனாவும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "மரியாதையாத் தொடங்குங்க" என்றாள். பழைய புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் சருகு தந்து உதவுமாறும் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார். சரோஜம் நிதானமாகப் படித்து, சிவப்பு மையில் இரண்டு பிழைகளைத் திருத்திவிட்டு, சாக்குகளைச் சுவர்மேல் தூக்கி வைத்தாள்.

மறுநாள் கணவனும் மனைவியும் புள்ளி விழுந்த இலையையும் பூச்சி பிடித்ததையும் ஒதுக்கினார்கள். முழு இலை தண்ணீரைத் தடுக்கும் என்று மிச்சத்தை நொறுக்கினார்கள். இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பியபோது சரோஜம் சுவருக்கு அப்பாலிருந்து, "தண்டில முட்ட வேண்டா, அழுகும்" என்று அதிகாரம் செய்தாள். குட்டன் ஒரு தொட்டியை மோந்து, தும்மிவிட்டுப் போனது.

நாலாம் நாள் மதியம் வேலாயுதன் சருகை விலக்கி மண்ணில் விரலை விட்டார். ஈரம் இருந்தது. மிளகாய்ச் செடிகள் நிமிர்ந்து நின்றன. அன்று மாலை சரோஜம் வந்து, கேட்காமலே ஒரு கைப்பிடி மிளகாய் பறித்தாள். மீன்கறிக்காம். வேலாயுதன் குனிந்து நாலு கத்தரிப் பிஞ்சும் பறித்து அவள் கையில் வைத்தார்.

"பிஞ்சைத் தொடாதேன்னு எங்கிட்ட மட்டும் சட்டம் பேசுவிய" என்றாள் ஜெயபாய்.

வேலாயுதன் அடுத்த செடியைத் தடவிப் பார்த்தார்.