முகம் பார்க்காத குண்டு

தெபுனா தீவில் சுறாப்பல் வாளால் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள், மறுநாள் காலையில் வெட்டியவன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவன் பாய் விரித்து, சேம்பு அவித்து, தென்னங்கள் ஊற்றிக் கொடுப்பான். தகராறு எந்த நிலத்தைப் பற்றியதோ அதைப் பேசித் தீர்ப்பார்கள், சில சமயம் சேர்ந்து அழுவார்கள். சாயங்காலம் செத்தவன் மேற்குப் பக்கமாகக் கடல்மேல் நடந்து போய்விடுவான். வெட்டியவனுக்குக் கொஞ்ச நாள் சோறு இறங்காது, அவ்வளவுதான். அங்கே எந்தப் பகையும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை.

தேங்காயெண்ணெய் வாங்க வந்த கப்பல் தெற்கு ஊருக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் இறக்கிய வருஷம், காயேரா அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிறந்தது வடக்கு ஊர். தாழங்காட்டு எல்லைக்காக இரண்டு ஊரும் மோதிக்கொண்டபோது, வடக்கத்தியார் வழக்கம்போல் கயிற்றுக் கவசமும் முள்மீன் தோல் தொப்பியும் போட்டு, மந்திரம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வாளுக்கு அந்த மந்திரம் புரியும், குண்டுக்குப் புரியவில்லை. தெற்கத்தியார் புதருக்குப் பின்னால் படுத்துக்கொண்டே சுட்டார்கள். காயேராவின் தம்பி தெகினா, பக்கத்தில் ஓர் எதிரியும் இல்லாத வெறும் மணலில் விழுந்து செத்தான்.

மறுநாள் அவனும் வந்தான். ஆனால் யார் வீட்டுக்குப் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெற்கு ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டான். புகையில் ஒன்றும் தெரியவில்லை என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கடைசியில் அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அவன் நெஞ்சிலிருந்த ஓட்டை வழியாகப் பின்னாலிருந்த கடல் தெரிந்தது.

"என்னைச் சுட்டது யாருன்னு உனக்காவது தெரியுமாக்கா?"

அவளுக்குத் தெரியும். மார்பில் மஞ்சள் கயிறு கட்டினவன் ஒருத்தனை விழவைத்தேன் என்று அவள் கணவன் பாகோவா முந்தைய நாள் சொல்லியிருந்தான். அந்தக் கயிற்றைத் திரித்துக் கொடுத்தவளே அவள்தான். புருஷனைப் படகுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பாய விரி. நான்தான்னு சொல்லு. அவன் போய்ச் சேரட்டும்."

"எல்லாரும்தான் சுட்டோம். ஒருத்தனுக்கு ஒத்துக்கிட்டா, அங்க செத்த அத்தனை பேரும் என் வாசல்லதான் வந்து நிப்பாங்க."

வருஷங்கள் போயின. தெகினா அந்த வீட்டிலேயே வலை பின்னிக்கொண்டிருந்தான், அவனுக்கு வயது ஏறவில்லை. காயேரா புருஷனுக்குச் சமைத்துப் போட்டாள், பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அந்த மௌனம் தாங்காமல் பாகோவா ஒரு நாள் காலையில் தானாகவே பாயை விரித்தான்.

"மச்சான், உன்னைச் சுட்டது நான்தான்."

தெகினா அவன் முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தான்.

"இருக்கலாம் மச்சான். பாவம் பார்த்து இதுக்கு முன்னாடியும் ரெண்டு பேர் இதையே சொன்னாங்க. சாகும்போது நான் யார் முகத்தையும் பார்க்கலையே."

பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு வலையை எடுத்துக்கொண்டான். காயேரா அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். வீட்டுத் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் பவளத்திட்டுக்கு அப்பால் வீசினாள். அதற்குள் வடக்கு ஊரிலும் வீட்டுக்கு ஒன்று வந்திருந்தது.

அடுத்த போரில் பாகோவா செத்தான். வடக்கு ஊர் வாசல்களில் அவனும் கேட்டுக்கொண்டு திரிந்தான். காயேரா தினமும் காலையில் தம்பிக்குச் சேம்பு அவித்து வைத்துவிட்டு, மிச்சத்தை இலையில் கட்டி வடக்கே நடந்துபோய்ப் புருஷனுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். தான் பிறந்த ஊரில் அவன் எந்த வீட்டில் கேட்கப் போனாலும் கூடவே போய் நின்றாள். மறுபடி பேசவும் தொடங்கியிருந்தாள்.

இப்போது தெபுனாவில் உயிரோடு இருப்பவர்களைவிடக் குண்டு பட்டுச் செத்தவர்கள்தான் அதிகம். இரண்டு ஊரிலும் ஊர்க்கூடத்தை நீட்டிக் கட்டிவிட்டார்கள். மழை பிடித்தால் அவர்களைக் கூடத்தின் நடுவில் உட்காரச் சொல்வார்கள், ஓட்டைக்குள் சாரல் அடித்தால் குளிருமாம்.