அடுத்த வீட்டை ஒட்டிய சுவர்

வழவழப்பான சுவரில் பழைய வண்ணத்தைச் சுரண்டி, கொத்துப் போட்டுக் கரடுமுரடாக்கினால்தான் புதுப் பூச்சு பிடிக்கும். இல்லாவிட்டால் என்னதான் குழைத்து அப்பினாலும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். பூச்சைப் பார்த்து ஆகா என்பவன் உண்டு. கொத்தைப் பார்த்து ஒருவனும் ஆகா என்றதில்லை. கொத்தனாரை ஒரு காலி வீட்டில் கொத்து வேலைக்கு விட்ட மேஸ்திரியும் அப்படித்தான். "பூசும்போது கூப்பிடுங்க, ஆள் அனுப்புறேன்" என்று போனவர் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஈ காக்கை இல்லை. கொத்தனாருக்கு வீட்டிலும் அதே கதைதான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வெளியூர் மகன் போனில், "சாப்பிட்டீங்களாப்பா?" என்பான், அவர் வாயைத் திறப்பதற்குள், "சரி, வச்சிடறேன்" என்பான். பேச்சுத் துணைக்கு மனுஷன் ஏங்கிப் போயிருந்தார்.

அப்படியிருக்க, அடுத்த வீட்டை ஒட்டிய சுவரில் அவர் கொத்தத் தொடங்கியதும் அந்தப் பக்கமிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது. சுவருக்குக் காது உண்டு என்பார்கள், இதற்கு வாயும் இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டார். இவர் நிறுத்தினால் அதுவும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. இவர் வேகமாகக் கொத்தினால் அதுவும் வேகமெடுத்தது. சரியான வாயாடி போல! மற்றச் சுவர்களை அம்போவென்று விட்டுவிட்டு இந்த ஒன்றையே கட்டிக்கொண்டு அழுதார். கொத்திய இடத்திலேயே மறுபடியும் கொத்தினார். காலையில் வேலைக்குக் கால் தரையில் பாவாமல் வந்தார்.

ஒரு மதியம் வாசலில், தலையில் துணியை இறுக்கிக் கட்டிய பெண் ஒருத்தி வந்து நின்றாள்.

"பக்கத்து வீடுங்க. தலைவலி மண்டையைப் பொளக்குது. நிறுத்துங்கன்னு சுவத்துல எத்தனை தடவை தட்டுறது? காதுல விழலையா?"

"விழுந்துச்சும்மா."

"அப்புறம்?"

"நீங்க பதில் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன்."

சொன்ன பிறகுதான் அதன் அசட்டுத்தனம் அவருக்கு உறைத்தது. முகம் தொங்கிப் போனது.

அவள் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வெறிச்சோடிக் கிடந்த வீட்டையும் பார்த்தாள். வந்த கோபம் எங்கே போனதோ! "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்றாள்.

"இந்த மூலை மட்டுந்தாம்மா. கொத்தாம விட்டா பூச்சு நிக்காது."

"சரி, உங்க பொழப்பைப் பாருங்க. நான் பொறுத்துக்கறேன். இனிமே தட்ட மாட்டேன்."

அவள் போனதும் சுத்தியலை எடுத்தார். மெதுவாக நாலு கொத்து கொத்திவிட்டு நிறுத்தினார். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் ஓங்கிக் கொத்தினார். அதற்கும் இல்லை. எரிந்து விழுந்து, வாயில் வந்தபடி திட்டுகிற பொம்பளையாக இருந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு அழுகை முட்டியது. பாவம் தலைவலிக்காரி என்று தெரிந்தும், வெட்கத்தை விட்டு, தேவையே இல்லாத ஓர் அடியைப் பலமாகப் போட்டுவிட்டுச் சுவரில் காதை வைத்தார்.

அவள் நல்லவள். சொன்ன சொல் தவறவில்லை.