மண்ணாங்கட்டியின் சோதனை

ஜோதியம்மாள் இடுப்பில் கைவைத்து வாசற்படியில் நின்ற நிற்பைப் பார்த்ததுமே மண்ணாங்கட்டிக்குத் தெரிந்துவிட்டது, காரியம் கெட்டதென்று. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் மூன்றே நாள். ஊரில் எள் போட்டால் எள் விழாது. செங்கம் சாலையில் நாலு வீட்டு வாசலில் அவனுடைய குதிரை வண்டி நின்றது. நாலு பேரும் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ரூமு இல்லப்பா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். இது கடைசி வீடு. இங்கேயும் இல்லையென்றால் வண்டியிலிருக்கும் பெண் டிரங்குப் பெட்டியைத் தலைக்கு வைத்து பஸ் ஸ்டாண்டில்தான் படுக்க வேண்டும்.

"லண்டன்காரி வராங்கனு சொல்லி அனுப்பினியே, எங்கடா?"

"இவங்கதான் யக்கா."

வண்டியிலிருந்து இறங்கியவள் நல்ல கறுப்பு. சுருட்டை முடியைத் துணியால் கட்டியிருந்தாள். பெயர் ஐரீன். ஊர் லிவர்பூல், இங்கிலாந்து என்று ரயிலடியிலேயே சொல்லியிருந்தாள். மண்ணாங்கட்டிக்கு இங்கிலாந்து என்றால் மொத்தமும் லண்டன்தான்.

"என்னை இன்னா கேணச்சினு நெனச்சிக்கினியா? லண்டன்காரங்க எப்டி இருப்பாங்கனு எனக்குத் தெரியாது? உள்ள வில்சன் தொர இருக்காரே, தெனம் பாக்கறேனே!"

எமர்ஜென்சி முடிந்த கையோடு வந்து தங்கியவர் வில்சன் துரை. நாலு மணி என்றால் நாலு மணிக்கு டீ. இட்லியைக்கூட முள்கரண்டியால்தான் தொடுவார். சிரிக்க மாட்டார், அதட்ட மாட்டார், ஒன்றரை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. 'வெள்ளைக்காரன்னா அதாண்டி' என்று ஜோதியம்மாள் தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

"தொர வந்து, ஆமா எங்க ஊருதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சாவி தரேன்."

மண்ணாங்கட்டி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இதைச் சொன்னான். ஐரீனின் முகம் இறுகிப்போயிற்று. படபடவென்று ஏதோ சொன்னாள்.

"இன்னாடா சொல்றா?"

"அவரு சொன்னாத்தான் நான் அந்த ஊரானு கேக்கறாங்க. அவரு எந்த ஊருனு யாராச்சும் சாட்சி கேட்டீங்களான்றாங்க. பொறந்து வளந்ததெல்லாம் அங்கதானாம். அங்கயும் இதே கேள்விதானாம் யக்கா."

சொல்லும்போதே அவனுக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. அப்பன் அஸ்தியைக் கரைக்கக் காசிக்குப் போயிருந்தபோது ஒரு டீக்கடைக்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்து, எந்த தேசம் என்று கேட்டான். இந்தியா என்றான் மண்ணாங்கட்டி. கடையே சிரித்தது. அந்த டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டான்.

இவளை அப்படி விடக்கூடாது. அவனிடம் ஒரு சோதனை இருந்தது. இருபது வருஷமாக வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கிக் கண்டுபிடித்தது. கூட்டத்தில் தெரியாத மாதிரி காலை லேசாக மிதிக்க வேண்டும். ஜெர்மன்காரன் முறைப்பான். பிரெஞ்சுக்காரன் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவான். இங்கிலீஷ்காரன் மட்டும், மிதிபட்டவனே "சாரி" என்பான். நம் பக்கம் மிதித்தவன்தான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அங்கே எல்லாம் தலைகீழ். ஒருதரம்கூட இது பொய்த்ததில்லை.

பெட்டியை இறக்குகிற சாக்கில் அவள் காலை மிதித்தான்.

"சாரி" என்றாள் ஐரீன், சட்டென்று.

"கேட்டீங்களா யக்கா! வெள்ளைக்காரியேதான்!"

"அட போடா. அதை பஸ் கண்டக்டர்கூடத்தான் சொல்றான்."

சத்தம் கேட்டு துரையே வெறுங்காலோடு வெளியே வந்தார். மண்ணாங்கட்டிக்கு வேகம் வந்துவிட்டது. "தோ, தொரயும் அதையேதான் சொல்வாரு, பாருங்க!" என்று சொல்லி அவர் காலிலும் வைத்தான் ஒரு மிதி. அந்தக் கட்டைவிரலில் நகச்சுத்தி இருந்தது யாருக்குத் தெரியும்?

துரை கத்தினார். அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசவு, அடிவயிற்றிலிருந்து வந்தது. தென்னையிலிருந்த காக்கைகள் பறந்தன. ஜோதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று மண்ணாங்கட்டி கண்ணை மூடினான்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத் திறந்தான். ஐரீன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு அதே வசவை அவருக்கே திருப்பிச் சொன்னாள். அதே இழுப்பு, அதே முடிப்பு. துரைக்குக் கால்வலி மறந்துபோயிற்று. அவர் எதையோ கேட்டார். அவள் ஒரு பெயர் சொன்னாள். அவர் இன்னொரு பெயரை ஆரம்பிக்க, அவள் முடித்துவைத்தாள். வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டது போல ஒருவரை ஒருவர் மறித்து மறித்துப் பேசினார்கள். மண்ணாங்கட்டிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்று கிழம், ஒன்று இளசு. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. பேச்சு மட்டும் ஒரே வாயிலிருந்து வருகிறதே, அண்ணாமலையாரே! இப்படியும் ஒரு ஊர் இருக்குமா?

"எங்க ஊர்" என்றார் துரை, தமிழில். கண் கலங்கியிருந்தது. "எங்க தெரு."

"சரி சரி, உள்ள வரச் சொல்லு" என்றாள் ஜோதியம்மாள்.

மண்ணாங்கட்டி சொன்னான். ஐரீன் அசையவில்லை. சிரிப்பு போன முகத்தோடு ஜோதியம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். குதிரை காலை மாற்றி வைத்தது.

"வாம்மா" என்றாள் ஜோதியம்மாள். இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, "உள்ள வாம்மா" என்றாள்.

சொன்னதோடு நிற்காமல் படி இறங்கி வந்து பெட்டியின் ஒரு பிடியைப் பற்றினாள். மறுபிடியை ஐரீன் பற்றினாள். தூக்கப்போன மண்ணாங்கட்டி அப்படியே நின்றுவிட்டான். தகரப் பெட்டியின் இரு பக்கமும் நரம்பு புடைத்து நீண்டிருந்த கறுத்த கைகளில் எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல, ஒன்றில் கிடந்த கண்ணாடி வளையல்கள்தான் இருந்தன.